பாட்டுக்காரி நிற்கும் இடம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மீட்டர்காரர் முதலில் ஒருமுறை கைதட்டுவார். பலமாக அல்ல. இடக்கையைக் கொஞ்சம் குழித்து வைத்துக்கொண்டு, வலக்கை விரல்களால் அதன்மேல் ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் சுவர்களை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருப்பார். ‘டங்’ என்று வந்தால் முகம் சுளிப்பார். ‘தப்’ என்று அடங்கினால், அந்த வீட்டுக்காரர் ஏதோ புண்ணியம் செய்தவர் என்பதுபோல ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். மின்சார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருட வேலையில் அவருக்கு மிஞ்சிய பட்டம் ‘கைதட்டி’. ஒருமுறை, ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்த அறையிலேயே தட்டிவிட்டு, அந்த வீட்டு மருமகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த வியாதி அவர் வீட்டுக்கு இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு வந்ததிலிருந்து ஆரம்பித்தது. அவை வந்தபின் முன்னறையிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. கண்ணாடி அலமாரி அதிர்கிறது என்று போனது. சோபா இடத்தை அடைக்கிறது என்று போனது. கடைசியில் காலண்டர்கூடப் படபடக்கிறது என்று போய், அது தொங்கிய ஆணி மட்டும், ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நட்டநடுவே, எதிர்ச்சுவரில் அநாதையாக நின்றது. மிச்சம் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது.

அவர் மனைவி ஜன்னல் திரை தைப்பவள். தையல் மெஷின், வெட்டுமேஜை, துணிமூட்டைகள் எல்லாம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் நெருக்கியடித்துக் கிடந்தன. குளிக்கப் போகிறவர்கள் நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கவேண்டும்.

“இந்தாம்மா, டேப்போட இந்த முனையைக் கொஞ்சம் பிடி.”

“அடுப்புல பால் இருக்கு.”

“ஒரே நிமிஷம்.”

“உங்க ஒரு நிமிஷத்துல நான் ரெண்டு திரை தைச்சிருப்பேன்.”

சொல்லிக்கொண்டே வந்து பிடிப்பாள். விஷயம் இதுதான். இரண்டு ஸ்பீக்கர்களும் நாற்காலியும் சரியான முக்கோணத்தில் நின்றால், பாடுகிறவளின் குரல் நட்டநடுவில், வெறும் காற்றிலிருந்து வரவேண்டும். ஆள் அங்கேயே நிற்பதுபோல இருக்கவேண்டும். இவர் வீட்டுப் பாட்டுக்காரியோ எந்நேரமும் வலதுபக்க மொட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலப் பாடினாள். இடதுபக்கம் சுவரே கிடையாது, நடைக்குப் போகும் திறப்புதான். அந்தப் பக்கம் சத்தம் வெளியேறிவிடும், இந்தப் பக்கம் சுவரில் பட்டுத் திரும்பும். மீட்டர்காரர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அரை விரல் இப்படி, அரை விரல் அப்படி என்று ஸ்பீக்கரை நகர்த்தி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். தரை முழுக்க சாக்பீஸ் கோடுகள். பார்க்கிறவர்கள் இங்கே ஏதோ கொலை நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் மனைவியின் தங்கை வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அத்தான், யாரைத் தேடுறீங்க?”

“பாட்டுக்காரியை. நடுவுல வரமாட்டேங்குறா.”

“எங்கக்காவுக்கு இந்த வீட்டுல உக்கார இடமில்ல. நீங்க இல்லாதவளுக்கு நிக்க இடம் பாக்குறீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காது அந்தப் பாட்டிலேயே இருந்தது.

இந்த நிலையில் ஒரு லாட்ஜிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. இரண்டு மாடி, நாற்பது அறை, அத்தனைக்கும் கனத்த திரை. துணி வந்து இறங்கியதும் நடையில் நண்டுகூட நடக்க முடியாமல் போயிற்று. மனைவி இடுப்பில் கைவைத்து முன்னறையில் நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள உங்க பாட்டுக்காரி நடுவுல வரணும். இல்லேன்னா மெஷின் இங்க வரும், ஸ்பீக்கர் பரண்மேல ஏறும்.”

“நடுவுல வந்துட்டாளான்னு யார் சொல்றது?”

“நானே சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து, எங்க நிக்கிறான்னு விரல் காட்டுறேன்.”

“பொய் சொல்லமாட்டியே?”

“இஞ்ச் டேப்பை வச்சுப் பொழைக்கிறவ நான். அளவுல பொய் சொல்லமாட்டேன்.”

மீட்டர்காரர் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு போட்டார். நகர்த்தினார், கைதட்டினார், எழுதினார், அடித்தார். பாட்டுக்காரி சுவரை விட்டு அசையவில்லை. சனிக்கிழமை மத்தியானம் காபி கொண்டுவந்த மனைவி, அவர் தரையில் குந்திப் புதிதாக ஒரு கட்டம் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

“இது எந்த ஸ்பீக்கருக்கு?”

“ஸ்பீக்கருக்கு இல்ல. உன் மெஷினுக்கு.” நிமிராமலே சொன்னார். “இங்க போட்டா இடது தோள்மேல வெளிச்சம் விழும். ஊசி கோக்க வசதி.”

அந்தக் கட்டம் மெஷினின் அளவுக்கு நூல் பிசகாமல் இருந்தது. எப்போது அளந்தார் இந்த மனுஷன்?

அவளுக்குத் தெரிந்த ஒன்று அவருடைய நோட்டில் கிடையாது. நடையில் மூட்டை நிறைந்திருக்கும் நாளில் மெஷின் முணுமுணுக்கும். துணியை டெலிவரி கொடுத்த மறுநாள் அதே மெஷின் ஊரைக் கூட்டும். துணி சத்தத்தைத் தின்னும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறு காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, லாட்ஜ் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து வலதுபக்கச் சுவரோரம் தோளுயரத்துக்கு அடுக்கினாள். ஈரத்தலையோடு வந்தவர் திகைத்தார்.

“என்ன இது?”

“எப்படியும் இனிமே என் ரூம்தானே. முன்னாடியே கொண்டுவந்துட்டேன்.”

கடைசி ஆசையாக இடது ஸ்பீக்கரை அரை விரல் உள்ளே தள்ளினார். தங்கையைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பாட்டு ஆரம்பித்தது. அவள் கை மெல்ல எழுந்தது.

விரல் காலண்டர் ஆணியைக் காட்டியது.

“அரை விரல்!” என்று கத்தினார் மீட்டர்காரர். “நான் சொன்னேன்ல! அரை விரல்ல இருக்கு விஷயம்!”

“அத்தான், குதிக்காதீங்க. பாட்டுக்காரி பயந்துடப் போறா.”

மனைவி கண்ணைத் திறக்கவேயில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள். அன்றைக்குப் பால் பொங்கி வழிந்தது.

ஸ்பீக்கர்கள் தப்பின. மூட்டைகள் முன்னறையிலேயே இருக்க, நடையில் நேராக நடக்க இடம் வந்தது. லாட்ஜ் ஆர்டர் முடிந்து திரைகள் போனபின்னும் அந்தச் சுவரோரம் காலியாகவில்லை. வெட்டுத்துண்டுகளையும் பழைய போர்வைகளையும் அதே சாக்குகளில் திணித்து, வாயைத் தைத்து, ‘லாட்ஜ் - அவசரம்’ என்ற சீட்டை மேலே குத்திவைத்தாள் மனைவி. இது தங்கைக்கு மட்டும் தெரியும்.

“லாட்ஜ்காரன் இன்னுமா எடுத்துட்டுப் போகல?” என்று மீட்டர்காரர் எப்போதாவது கேட்பார்.

“ரெண்டாவது மாடி பாக்கி இருக்கு.”

“சரி சரி, மெதுவா குடு.”

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அரை விரலின் சரித்திரம் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. மனைவி மெஷினின்மேல் குனிந்துகொள்வாள். தங்கை சிரிப்பை அடக்க சமையலறைக்கு ஓடுவாள். ஆறு வருடமாக ஒரு மனுஷனை இப்படி ஏமாற்ற முடியுமா என்று அக்காவும் தங்கையும் பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள்.

அந்த லாட்ஜை மூடி நான்கு வருடமாகிறது என்பது பின்னால்தான் தெரியவந்தது. மூடியபோதே கடைசி ரீடிங் எடுக்கப் போனவர் மீட்டர்காரர்தான். இரண்டாவது மாடிவரை ஏறி, ஜன்னல்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த திரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினாராம். கூடப் போன லாட்ஜ் காவல்காரர் சொன்னார்.