நாற்பத்தெட்டுத் தலையணையும் ஒரு மறதியும்

போன வாரம் என் கடைசி மகள் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராமநாதபுரம் பக்கம். கல்யாணம் எங்கள் ஊரில், ஏற்காட்டில்.

“மலை மேலயா? எங்க சனம் வந்து தங்கத் தோதுப்படுமா?” என்று நிச்சயத்தன்றே கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஒரு குறையும் வராதுங்க” என்று சபையில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ‘இவர் வாக்கு இவ்வளவுதானா’ என்று அவர்கள் நினைத்துவிட்டால்... போகிற வீட்டில் என் மகளை யார் மதிப்பார்கள்?

முப்பத்தொரு வருடம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து தினமும் வேலையாட்களை எண்ணிப் பேர் எழுதியவன் நான். சும்மா இருப்பேனா? வருகிறவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். சீசன் என்பதால் லாட்ஜ்களில் இடமில்லை. எங்கள் தெருவில் காலியாகக் கிடந்த ஆறு வீடுகளைப் பேசி வெள்ளையடித்தேன். பாய் நாற்பத்தெட்டு. தலையணை நாற்பத்தெட்டு. வாளி பன்னிரண்டு. வெந்நீர் அண்டா ஆறு. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுமே — எலுமிச்சம்பழம் ஐம்பது. மிச்சம் இரண்டு? வேன் டிரைவர்களுக்கு!

மாலை நான்கு மணிக்கு இரண்டு வேன்களும் வந்தன. இறங்கியவர்களை எண்ணினேன். சரியாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பற்கள் தந்தியடித்தன.

“அண்ணே... போத்திக்க ஏதாச்சும் இருக்கா?”

எல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினேன். கம்பளி என்ற சொல்லே அதில் இல்லை.

எப்படி இருக்கும்? எங்கள் மலையில் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போனாலும் அவரவர் கம்பளி அவரவர் தோளிலேயே போய்விடும். விருந்தாளிக்குக் கம்பளி தரவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியுமா?

“ஏனுங்க, எலுமிச்சம்பழத்த மூணு தடவ எண்ணுனீங்களே!” என்றாள் என் மனைவி.

எதிர்வீட்டுப் பாப்பாத்தி எஸ்டேட்டில் தினமும் என்னிடம் பேர் கொடுத்து வேலை பார்த்தவர். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “ரைட்டரய்யா கணக்குல நொம்பப் பெரிய ஓட்டையாட்ட இருக்குது! இருங்க, வந்தர்றேன்.”

வீடு வீடாகப் போனார். ஆறு மணிக்குள் ஐம்பத்து மூன்று கம்பளிகள் வந்து சேர்ந்தன. புதியது, பழையது, ஒட்டுப் போட்டது... கொடுத்த வீடுகளில் அன்றைக்கு இரண்டு பேர் ஒரு கம்பளிக்குள் படுத்திருப்பார்கள். சம்பந்தியம்மாவுக்குக் கிடைத்தது பாப்பாத்தியின் கம்பளி. அடுப்புப் புகை வாசம் அடிக்கும். என்ன நினைத்தாரோ? நான் முகூர்த்தம் வரை அவர் கண்ணில் படாமலே சுற்றினேன்.

மறுநாள் மத்தியானம், வேன் ஏறும் நேரம். மடித்த கம்பளியைப் பாப்பாத்தியின் கையில் தானே கொடுத்துவிட்டு, சம்பந்தியம்மா நேராக என்னிடம் வந்தார். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

“அண்ணே, குளிரு உங்களுக்குப் பழகிப்போச்சு. அதான் மறந்துட்டீங்க. ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். எங்களுக்கு வெயிலு பழகிப்போச்சு. உங்க புள்ளைக்குப் பழகலையில்ல? மொட்டை மாடியில ஓலைப் பந்தல் போடச் சொல்லி இப்பத்தான் ஊருக்குப் போன் பண்ணுனேன்.”

தலையை ஆட்டினேன்.

செல்வி ஏறிய வேன் முதல் வளைவில் திரும்பி மறைந்தது. அந்த வீட்டில் எத்தனை ஃபேன் என்று நான் கேட்கவில்லை... வாய் வரை வந்தது, அவ்வளவுதான்.