ரப்பர் ஒட்டிய கதவுகள்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நல்ல வெயில், மேற்குக் காற்று. காற்றின் திசையைச் சொல்லக் காரணம் உண்டு. மேற்கிலிருந்து காற்று அடித்தால் துறைமுகத்தின் சத்தமெல்லாம் கடலுக்குள் போய்விடும். மதியம் கடற்காற்று திரும்பியதும் கன்டெய்னர் இறக்குகிற ஒவ்வொரு இடியும் ராயபுரத்தில் என் வீட்டு முன்னறைக்குள் வந்து விழும். காலையில் வந்ததால்தான் அவர்கள் ஏமாந்தார்கள்.

வாசலில் இரண்டு பேர். ஒரு பெண், முப்பது வயதிருக்கும். போன வருடம் வரை எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவளாம். கூட ஒரு இளைஞன், கையில் பூனைவால் போல ரோமம் வைத்த மைக். இந்தச் சந்தின் கடைசி வீட்டில் சத்தமே இருக்காது என்று கோயிலில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெண் விளக்கினாள். சின்னக் குழந்தைகளுக்காக மொபைலில் ஒரு ஆப் செய்கிறாள். கோபம், பயம், அழுகை எது வந்தாலும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, கத்தும், கடிக்கும். ஆப்பில் படத்தைத் தொட்டால் இன்னொரு குழந்தை அதைச் சொல்லும். கேட்டுக் கேட்டு இதுவும் சொல்லப் பழகும். "டிவியில வர்ற குரல் வேணாம் அங்கிள். நம்ம ஏரியா பசங்க பேசுற மாதிரியே இருக்கணும்" என்றாள். மொத்தம் நாற்பது வாக்கியங்கள். பதிவு செய்ய அமைதியான அறை வேண்டும்.

அந்த இளைஞன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னறை நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, சூப்பர். சாவு வூடு மாதிரி கீது."

அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். "சாரி அங்கிள்."

"சாவு வீட்ல சத்தம் அதிகம் தம்பி. அதுக்கப்புறம்தான் இப்படி ஆகும்" என்றேன். என் மனைவி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும், பத்தரை முதல் பன்னிரண்டு வரை, ஒரு நாளுக்கு நானூறு ரூபாய் என்று பேசினோம். நான் பணம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், வேண்டாமென்றால் வேறு வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து குழந்தைகள் வந்தார்கள். பால்வாடிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்ததில் ஐவருக்கும் ஏக சந்தோஷம். அவர்களுடைய அம்மாக்களில் இருவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன்: ஒன்பது ஜோடி. என் ஜோடியோடு பத்து. அந்தப் படியில் ஒரு ஜோடிக்கு மேல் கிடந்து நெடுநாளாயிற்று.

ஆனால் நான் நினைத்தது போல நடக்கவில்லை. குழந்தைகள் வருவார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருந்தேன். பதிவு என்றால் மூச்சுக்கூட விடக்கூடாதாம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். ஃபிரிட்ஜை அணைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். எனக்கோ பழைய இருமல், சமையலறைக்குள் போய் உட்கார்ந்தாலும் மைக்கில் விழும். ஒரு குழந்தை கஷ்டப்பட்டு "எனக்கு பயமா கீது" என்று சொல்லி முடிக்கும்போதுதான் அது வரும்.

இரண்டாம் நாள் முடிவில் இளைஞன் கேட்டான்: "நைனா, மொத்தம் எத்தினி வாட்டி இருமுன, தெர்தா?"

"பன்னிரண்டு."

"நான் பதினொண்ணுதான் அழிச்சேன். இன்னொண்ணு எங்க?"

"அதை முழுங்கிட்டேன்."

அவன் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போகும்போது சந்தில் நின்று யாருடனோ போனில் பேசினாள். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ, மணிக்கு இவ்வளவு, "இங்க தொல்லையாத்தான் இருக்கு, பேசாம அங்க மாத்திடலாம்." ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒன்பது ஜோடிச் செருப்பும் வடபழனிக்குப் போய்விடும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டேன். தெருக் கதவு, சமையலறைக் கதவு, மூன்று ஜன்னல், எல்லா விளிம்பிலும் ரப்பர் பட்டை: கூலியோடு மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. வண்ணாரப்பேட்டைக்குப் போய்க் கனமான திரைத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்தேன்: ஐயாயிரத்து நானூற்று இருபது. விசிறி இல்லாமல் குழந்தைகள் வியர்த்துச் சிணுங்கின. சத்தமே வராத விசிறி ஒன்று வந்திருக்கிறதென்று கடைக்காரர் சொன்னார், நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. இருமலுக்கு டாக்டரும் மருந்தும் எழுநூற்று எண்பது. வாயில் அடக்கிக்கொள்ளச் சித்தரத்தை நாற்பது. ஒரு வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து முந்நூற்று அறுபது ரூபாய் வஞ்சிரம் கெட்டுப்போனது.

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, வாடகை அவங்க உங்களுக்குக் குடுக்குறாங்களா, நீங்க அவங்களுக்குக் குடுக்குறீங்களா?"

"விசிறி எனக்குத்தானே இருக்கப்போகுது."

"ஆமா, ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டு, சமையல் இருக்கிறதென்று வைத்துவிட்டாள். மொத்தப் பேச்சும் நான்கு நிமிடம்.

வடபழனிப் பேச்சு அதோடு நின்றது. "அங்கிள், ஸ்டூடியோ தோத்துடும்" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சமையலறைக் கதவுக்கும் ரப்பர் ஒட்டிய பிறகு, உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர்கள் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முன்பாவது குழந்தைகளின் சிரிப்பு லேசாக வரும். இப்போது ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள் என்பதற்கு, நடுவில் கதவைத் திறந்து அந்த இளைஞன் தண்ணீர் கேட்பதுதான் சாட்சி. டியூப் லைட் ரீங்காரம் போடுகிறதென்று அதையும் அணைத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 9 ஒன்பதாவது நாள். அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி, தனிமையைப் பற்றியது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அதைச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கிறவரின் மகள், அந்தக் கூட்டத்திலேயே பெரிய வாயாடி. "எனக்கு யாருமே இல்ல" என்று ஒவ்வொரு முறையும் பல்லெல்லாம் தெரியச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"வூட்ல நீ மட்டும் தனியா இருந்தா எப்படி இருக்கும்மா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"ஜாலியா இருக்கும் மிஸ். டிவி பாக்கலாம்."

இதெல்லாம் பிறகு சொல்லக் கேட்டது. எனக்குத் தெரிந்தது, திடீரென்று சமையலறைக் கதவு திறந்ததும் அந்த வாயாடி நின்றதும்தான். தண்ணீர் குடிக்க வந்திருந்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா தாத்தா, உன்ன மிஸ்ஸு வெளிய போட்டாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் இருட்டுல குந்திகினு கீற?"

"சத்தம் வரக்கூடாது இல்ல."

"ஒன்கூட பேச ஆளு இல்லயா?"

நான் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். என்னையே பார்த்துக்கொண்டு குடித்ததில் பாதி கவுனில் கொட்டியது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. இளைஞன் வந்து லைட்டைப் போட்டான். "முட்ஞ்சிது நைனா. ஒரே டேக்!" ஹெட்போனை என் காதில் மாட்டினான். அவள் குரல், சிரிப்பே இல்லாமல், மெதுவாக: "இருட்டுல குந்திகினு கீறேன். என்கூட பேச ஆளு இல்ல."

"எழுதிக் குடுத்தது இது இல்ல" என்றாள் அந்தப் பெண். "ஆனா இதையே வெச்சிக்கப் போறேன் அங்கிள்." அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவளுக்கு நன்றி.

குழந்தைகள் கையசைத்தார்கள். ஒன்பது ஜோடிச் செருப்பும் போனது. ஃபிரிட்ஜைப் போட்டேன், இந்த முறை மறக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். அடித்திருக்கும். கேட்கவில்லை. கடற்காற்று திரும்பியதற்கு அடையாளமான கன்டெய்னர் இடியும் இல்லை. சந்தில் யாரோ வாயைத் திறந்து மூடிப் பேசிக்கொண்டு போவது திரை இடுக்கில் தெரிந்தது. இத்தனை செலவழித்து எனக்கு நானே வாங்கிக்கொண்டது இதைத்தான் என்று அப்போது உறைத்தது.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு அதே தச்சரை வரச் சொல்லி, எல்லா ரப்பரையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு நைனா? இப்பத்தான ஒட்னோம். கலீஜா பெய்ன்ட் உரிஞ்சிக்கினு வருமே."

"வரட்டும்."

"சத்தம் வரும், பொறவு என்ன கொற சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

முனகிக்கொண்டே எடுத்தார். ஐந்நூறு வாங்கிக்கொண்டார். அவர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது துறைமுகப் பக்கமிருந்து முதல் இடி வந்தது. அவரைத் திருப்திப்படுத்த முகத்தைச் சுளித்தேன்.

அக்டோபரில் அந்தப் பெண் ஆப்பை என் போனுக்கு அனுப்பினாள். தனிமைக்கான படத்தைத் தொட்டால் அந்த வாயாடியின் குரல் வருகிறது. பதில் சொல்ல அதில் வழி வைக்கவில்லை. அதை ஒரு குறையாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மொத்தச் செலவு பதினைந்தாயிரத்து நூற்று நாற்பது. ஒன்பது நாள் வாடகை மூவாயிரத்து அறுநூறைக் கழித்தால், பதினோராயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.