காக்காவுக்கு நான் எழுதிய இரண்டாவது சுயவிபரம்

எங்கள் வீட்டுக்கு அல்லாஹ் செய்த உபகாரத்தை, அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே என் மார்க்கச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

எங்கள் கரையோரத்தைச் சூறாவளி அடித்து மூன்றாவது வருஷம். கடல் தொழில் செய்த வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். உம்மாவையும் என்னையும் பார்த்துக்கொண்டவர் என் மூத்த சகோதரர், காக்காதான். சாய்ந்தமருதிலிருந்து இறக்காமம் போய், பெரிய நிலச்சொந்தக்காரரான ஒரு போடியாரின் வயலில் காவல் இருந்தார். நெல் கதிர் தள்ளும் காலத்தில் காட்டு யானைகள் இறங்கும். மரத்தில் கட்டிய பரணில் இருந்து அவற்றை விரட்ட வேண்டும். மூன்றாவது போகத்தின் முடிவில் ஒரு யானை பரண் மரத்தையே சாய்த்துவிட்டது. சேற்றில் விழுந்ததால் காக்கா உயிர் தப்பினார். தோள் விலகி வீட்டுக்கு வந்தார்.

“இனி வயலுக்குப் போறண்டா என்ட மையத்தைப் பாத்துட்டுப் போ” என்று உம்மா சொல்லிவிட்டார்.

காக்காவின் தோள் தேறி வந்தது. அடுத்த போகமும் விதைத்தாயிற்று. கதிர் வருவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அவர் திரும்பப் போய்விடுவார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அப்போதுதான் கல்முனைக்கு வெளியே ஒரு கம்பெனி கட்டிய பெரிய களஞ்சியத்துக்குக் காவலாளிகள் தேவை என்று கேள்விப்பட்டோம். சுயவிபரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இங்கிலீசில் எழுதத் தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்றும் இருக்கிறது. உட்கார்ந்து அழகாக எழுதினேன். காக்கா யாருடைய மகன், எந்தக் குடி, அந்தக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்காயர் யார், ஐந்து நேரம் தொழுபவர், சிகரெட் தொடாதவர், பெரியவர்களை மதிப்பவர். எங்கள் ஊரில் ஓர் ஆளை நம்பலாமா என்று அறிய உம்மா வழியில் வரும் குடியைத்தானே முதலில் கேட்பார்கள்? அதையே எழுதினேன்.

காக்காவோடு நானும் போய்க் கொடுத்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“தங்கச்சி, எங்களுக்கு மாப்பிள்ளை தேவையில்லை, காவலாளி தேவை. இதைக் கொண்டுபோய்க் கலியாணம் பேசுங்க, உடனே சரிவரும்.”

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். என் முகம் எரிந்தது. அதிகாரி கெட்டவர் அல்ல. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நல்ல மனுஷன் என்று விளங்குது. ஆனா இவருக்கு என்ன செய்யத் தெரியும்? அது இதில இல்லையே. வெள்ளிக்கிழமைக்கு முன்ன வேற எழுதிக் கொண்டுவாங்க” என்றார்.

திரும்பி வரும்போது காக்கா சொன்னார்: “உன்னில பிழை இல்ல. எழுதுறதுக்கு என்னட்ட என்ன இரிக்கி? வயல்ல முழிச்சிக்கிட்டு இருந்தன் எண்டா எழுதுற?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. வயல் காவலை எங்கள் வீட்டில் ஒருவரும் உத்தியோகமாக நினைத்ததில்லை. உத்தியோகம் கிடைக்காதவர் செய்வது அது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே இருந்து அழுதேன். “யா அல்லாஹ், எனக்கு எழுத்தைத் தந்தாய். எழுத வேண்டியதையும் நீயே தா. என் காக்காவை யானையின் காலடிக்கு அனுப்பிவிடாதே.” வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

முஸல்லாவை மடிக்கவில்லை, வாசலில் போடியாரின் குரல் கேட்டது. காக்காவைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். உம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. துஆவுக்கு இதுவா பதில் என்று என் மனம் உடைந்தது.

“தோள் சுகமா தம்பி? கதிர் தள்ளப் போகுது. நீ வராட்டிச் சரிவராது.”

உம்மா திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்: “வேற ஆள் இல்லையா போடியார்?”

“ஆளா? போன போகக் கடைசியில வேற ஒருத்தன விட்டன். யானை பரணுக்குக் கீழ நிண்டு திண்டுட்டுப் போயிருக்கி, அவர் மேல குறட்டை! உங்கட மகன் மூணு போகம் இருந்தான். ஒரு நாள் கண்ணயரல்ல. அறுத்து வெச்ச கதிர்ல ஒரு கட்டுக் களவு போகல்ல. களவெடுக்க வந்தவனையும் அடிக்காமக் கதைச்சே நிப்பாட்டி வெச்சான். யானை வந்தா முதல்ல பக்கத்து வயல்காரன எழுப்புவான், பிறகுதான் தன்ட வெடியக் கொளுத்துவான். பரண் சாஞ்ச அண்டைக்கும், சேத்துக்குள்ள கிடந்து கூவி மத்தவன எழுப்பினவன். இவனப்போல ஆள நான் எங்க போய்த் தேட?”

அதிகாரி கேட்டதற்கு இதுதானே பதில்! ஓடிப்போய்ப் பேனையும் தாளும் எடுத்தேன்.

“போடியார், இப்ப சொன்னத இன்னொருக்காச் சொல்லுவீங்களா?”

“ஏன்கா புள்ள?”

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“என்ட காவல்காரனக் கொண்டுபோறதுக்கு என்னட்டயே சாட்சி கேக்கிறாய். நல்ல படிப்புத்தான் படிச்சிரிக்காய்!”

திரைக்குப் பின்னால் உம்மா விம்முவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. “சரி, எழுது. ஆரும் விசாரிச்சா என்னட்ட வரச் சொல்லு” என்றார்.

இரண்டாவது சுயவிபரம் ஒரு பக்கம்தான். பெயர், வயது, ஊர் முதல் இரண்டு வரி. பிறகு அவர் எதைக் காத்தார், எவ்வளவு காலம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை தனியாக விழித்திருந்தார், ஆபத்து வந்தபோது என்ன செய்தார், களவெடுக்க வந்தவனை எப்படி நிறுத்தினார் என்பதை எழுதினேன். வயலுக்குப் பக்கத்து ஆட்களோடு பழகிச் சிங்களம் பேசுவார் என்றும் எழுதினேன். கடைசியில் போடியாரின் பெயரும் விலாசமும். நல்லவர் என்ற சொல்லே அதில் இல்லை. வாசிப்பவர் தாமே அறிந்துகொள்ளட்டும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை கொண்டுபோனோம். அதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. வாசித்துவிட்டுக் காக்காவைக் கேட்டார்: “கேற்றடியில தனிய நிக்கிறீங்க. உள்ளுக்க சத்தம் கேக்குது. என்ன செய்வீங்க?”

“முதல்ல மத்த ஆக்கள எழுப்புவன் சேர். தனிய வீரம் காட்டப் போனா சாமானும் போகும், நானும் போவன்.”

அதிகாரி தாளை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, “தங்கச்சி, போன முறை கொண்டுவந்த மாப்பிள்ளை இவர்தானா?” என்றார்.

“ஓம் சேர்” என்றேன். “அவர்தான்.”

அல்ஹம்துலில்லாஹ். இறக்காமத்தில் கதிர் தள்ளுமுன் காக்கா காக்கிச் சட்டை போட்டுவிட்டார். முதல் நாள் அவர் வேலைக்குப் போனதும் உம்மா நன்றி சொல்லி, நெற்றியை நிலத்தில் வைத்து ஷுக்ருடைய சுஜூதில் விழுந்தவர், எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்தார்.

இப்போது சுயவிபரம் எழுத என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். பெரியநீலாவணையிலிருந்து ஒரு தமிழ் அக்காவும் தன் கணவருக்காக வந்தார். பேனை எடுக்குமுன், தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி வுழூ செய்துகொள்கிறேன். என் முதல் கேள்வி, “நீங்க என்னத்தைக் காத்தீங்க? அப்ப என்ன நடந்த?” என்பதுதான். ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் காத்திருக்கிறேன்.

சகோதரிகளே, வழி அடைபட்டதென்று நினைத்தால் அவனிடமே கேளுங்கள். கேட்ட பிறகு, நீங்கள் பயந்த ஆளே வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறவுங்கள். எங்கள் வீட்டுக்கு அவன் அனுப்பிய பதில் போடியாரின் குரலில்தான் வந்தது.