மைக் அக்கா வளர்ந்த பரண்

பேருந்து நிலையத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் அக்காதான். கூண்டு மாதிரி ஒரு அறை, கண்ணாடி ஜன்னல், மேசை விசிறி. அதற்குள் உட்கார்ந்து அவள் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், அழுகிற குழந்தைகூட ஒரு கணம் வாயை மூடும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கனிவு எங்கே போகுமோ! "பாத்திரத்தைத் தேய்ச்சியா, இல்ல தடவிக் குடுத்தியா?" என்று என்னிடம் எரிந்து விழுவாள்.

அந்தக் குரல் எங்கள் சலவைக்கடைப் பரணில் விளைந்தது. அக்கா எட்டாம் மாதமே பிறந்துவிட்டவள். பிழைக்காது என்று சொன்னவர்களையெல்லாம் அம்மா வாசலோடு விரட்டியடித்தாள். துணி வேகவைக்கும் பெரிய அடுப்புக்கு மேலே, மழைக்காலத்தில் துணி காயப்போட ஒரு மரப்பரண் இருந்தது. வீட்டிலேயே சூடான இடம் அதுதான். துணிக்கூடையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, அக்காவை அதில் கிடத்தி, அம்மா மேலே ஏற்றிவிட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. அப்புறம் அந்தப் பரணே அவள் அறையாகிப்போனது.

நான் மாசம் நிறைந்து, கொழுகொழுவென்று பிறந்து தொலைத்தவள். அதனால் எனக்கு வாசல் கதவோரம், இடுக்கு வழியாகக் காற்று அடிக்கும் மூலை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேலே பார்ப்பேன். வயிறு எரியும். அங்கே வெள்ளை விரிப்புகள் தொங்கும். அவற்றுக்கு நடுவே புகையும் ஆவியும் மெல்ல நகரும். விறகு ஈரமாக இருக்கும் நாளில் அக்காவின் கால் மட்டும் தெரியும், முகம் தெரியாது. "நான் மேகத்துல இருக்கேன், நீ தரையில கிட" என்பாள். நானும் நம்பினேன். இன்றும் என் கனவில் அந்தப் பரண் வரும். விரிப்புகள் காற்றில் உப்பி, அக்காவைக் கூரைக்கு மேலே, ஊருக்கு மேலே கொண்டுபோகும். அவள் கீழே பார்த்து ஏதோ அறிவித்துக்கொண்டே போவாள்.

பலகை இடுக்கில் தெரு தெரியும். யார் வந்தாலும் அவள்தான் மேலிருந்து முதலில் சொல்வாள். "அம்மா, தையல்காரர் வர்றார், பெரிய மூட்டை! ஓட்டல்காரர் வர்றார், மூஞ்சி சரியில்லை!" நடுவில் இருமல் வரும். வறட்டு இருமல், முடிவில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு. இருமி முடித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வாள். குறைமாசப் பிள்ளைக்குச் சூடு போதவில்லை என்று அம்மா அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகுவாள்.

ஐம்பது தாண்டியதும் அக்காவின் அறிவிப்புகள் சுருங்கத் தொடங்கின. முதலில் 'கனிவான' போயிற்று. பிறகு 'பயணிகளின்' போயிற்று. வெறும் 'கவனத்திற்கு' மிஞ்சியது. "அக்கா இப்பல்லாம் தந்தி பாஷையில பேசுறாங்க" என்று ஓட்டுநர்கள் கிண்டலடித்தார்கள். எனக்கல்லவா தெரியும்! படியேறும்போது பாதியில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் நடிப்பாள். அங்கே வேடிக்கை பார்க்க ஒரு சுவர்தான் இருந்தது.

கடைசியில் நான்தான் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனேன். அவர் குழாயில் ஊதச் சொன்னார். சிகரெட் உண்டா என்றார். சின்ன வயதில் எங்கே தூங்குவீர்கள் என்றும் கேட்டார். அக்கா குஷியாகப் பரண் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"நுரையீரல் சின்ன வயசுலதான்மா வளரும். நீங்க முன்கூட்டியே பிறந்தவங்க, அது ஏற்கெனவே சின்னது. அதுமேல வருஷக்கணக்கா புகை. தொட்டி பாதி நிறையறதுக்குள்ள செலவு பண்ண ஆரம்பிச்சிட்டீங்க. வயசானா எல்லாருக்கும்தான் குறையும், உங்களுக்கு இப்பவே அடி தட்டுது." வாயில் வைத்து மூச்சோடு உறிஞ்சும் மருந்து எழுதிக்கொடுத்தார். மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், வளராமல் போனதை இனி வளர்க்க முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட வாயைத் திறக்காதே. செத்துடுவா."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான். கடைக்கு வருகிற எல்லோரிடமும் அம்மா சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பெருமைதான் இருந்தது: "இவ என் அடுப்புச் சூட்டுல பொரிச்சு எடுத்த குஞ்சு." வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். பஸ் புகையாம் என்றாள் அக்கா. அன்றிலிருந்து தெருவில் போகிற பஸ்ஸையெல்லாம் அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அப்புறம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. அதுவும் குறைமாசம். ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி, சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மழை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உள்ளே நுழைந்தால் பழைய அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது. துணி வேகவைப்பது நின்றபிறகும், வெந்நீருக்கு என்று அம்மா விடாமல் வைத்திருந்த அடுப்பு. பக்கத்தில் அதே கூடை, கழுவித் துடைத்து, போர்வை மடித்து.

"குழந்தையைக் குடு. மேல வச்சிடலாம்" என்றாள் அம்மா. கூன் விழுந்த முதுகு அன்று நிமிர்ந்திருந்தது.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "இரும்மா, இடம் எப்படி இருக்குன்னு நான் ஏறிப் பார்க்கிறேன்."

பரண் ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். புகை அவளை மூடியது. கால் மட்டும் தெரிந்தது. மேலே விரிப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு அவை அசைவது தெரிந்தது.

"பயணிகளின்..." என்று குரல் வந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"கனிவான... இந்தப் பரண்ல... இனிமே குழந்தைங்க..."

இருமல் பிடித்துக்கொண்டது. வறட்டு இருமல், முடிவில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு. அம்மாவின் சிரிப்பு நின்றது. அந்த இருமல் எந்தப் பஸ்ஸுக்கும் முந்தியது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அடுப்பைப் பார்த்தாள், புகை போகிற வழியைப் பார்த்தாள், மகளின் காலைப் பார்த்தாள்.

"இறங்கி வாடி. மெதுவா."

அக்கா தரைக்கு வந்தபிறகு, அம்மா வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். பிறகு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "தெருவுல போற பஸ்ஸையெல்லாம் திட்டினேனே" என்றாள்.

"அந்தச் சூடு இல்லேன்னா நான் ஏதும்மா?" என்று அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, ரவிக்கையைத் தளர்த்தி, வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் போர்வையைச் சுற்றிவிட்டேன்.

"வாசக் கதவைத் திறடி" என்றாள் என்னிடம்.

திறந்தேன். என் பழைய மூலை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. அக்கா நகர்ந்துபோய் அங்கே உட்கார்ந்து, முடிந்த மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டாள்.