அழிந்துபோன சாக்பீஸ் கோடு

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தெலுங்கு நாட்டுக்கு வந்து, போவன்பள்ளியில் ஒரு பங்சர் கடை போட்டு, அதை மூன்று டயர் கடைகளாக்கி, மாடி வீடும் கட்டினேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை. அந்த வீட்டில் இன்று என்னோடு தமிழ் பேச ஆளில்லை. பேரன்கள் தெலுங்கில்தான் பதில் சொல்கிறார்கள்.

போன வருஷம் காய்கறி மார்க்கெட் வாசலில் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், முதுகில் பெரிய பை, அடி பிளந்த ஷூ. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நடக்கிறாராம். தமிழைக் கேட்டதும் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் ஏறினார். தினமும் நிறுத்திய இடத்திலிருந்தே மறுநாள் தொடங்குவாராம்.

ஷூவுக்கு டயர் ரப்பரில் அடி தைத்துக் கொடுத்து, வீட்டில் தங்கவைத்தேன். காலையில் போனால் கோட்டைக் காணோம். லாரிகள் அழித்துவிட்டன.

"இங்கேருந்தே நடங்க. யார் பாக்கப்போறாங்க?"

"பாக்க யாருமே இல்லையே, அதனாலதான் அண்ணே. கோடு எங்கேன்னு சரியாத் தெரியல, நேத்து டீ குடிச்ச கடையில இறக்கிவிட்டுடுங்க."

அது ரெண்டு கிலோமீட்டர் பின்னால். இறக்கிவிட்டேன். திரும்பிப்போக மனம் வரவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன்.

"கியா சேட், பெட்ரோல் கதம்?" பெட்ரோல் தீர்ந்துபோச்சா முதலாளி என்று டீக்கடைக்காரன் இந்தியில் கேலி செய்தான்.

மார்க்கெட் வாசலில், "இன்னும் ஒருநாள் இருங்களேன்" என்றேன்.

"இருந்தா அப்புறம் கிளம்ப மாட்டேன் அண்ணே."

போய்விட்டார். காஷ்மீர் சேர்ந்தாரா, தெரியாது. சேர்ந்திருந்தால், முழுக்கத் தனியாக நடந்தார் என்று யாரும் எழுதக் கூடாது. ரெண்டு கிலோமீட்டர் நானும் நடந்திருக்கிறேன். அதைப் போட வேண்டும்.