இதயம் பழகியது, எலும்பு பழகவில்லை

திண்டிவனத்தில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். விழுப்புரத்தில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்தபோது, அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்த, உடன் வேலை செய்யும் சேகர் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீ முடிக்கிறதுக்குள்ள நான் குளிச்சி, துன்னு, தூங்கி எழுந்துக்கினு வந்துடுவேம்மா."

அவரைத் தோற்கடிக்கும் ஒரே எண்ணத்தில் கிளியனூர் தார்ச்சாலையில் தினமும் ஓடினேன். தூரம், நேரம், இதயத் துடிப்பு மூன்றையும் குறித்தேன். மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றது. உடம்பு தயார் என்று நம்பி, தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பு வலித்தது. வலிக்கு என் அட்டவணையில் இடமில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன்.

ஒருநாள் காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், "எலும்புல விரிசல். இன்னும் ரெண்டு நாள் ஓடிக்கினு இருந்தா முறிஞ்சிருக்கும். இதயம் சீக்கிரம் பழகிடும்மா, எலும்பு பழக மாசக்கணக்காவும்" என்றார்.

ஓட்டத்தன்று வீட்டில் படுத்திருந்தேன். சேகர் அண்ணன் பதக்கத்தோடு எடுத்த படத்தை எனக்கு மட்டும் தனியாக அனுப்பினார்.

விரிசல் ஆறிய பிறகு, இப்போது வாரத்தில் நான்கு நாள், மண் மைதானத்தில்தான் ஓடுகிறேன். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். கிளம்பும்முன் அந்த எலும்பை அழுத்திப் பார்ப்பேன். வலித்தால் அன்று ஷூவைத் தொடுவதில்லை. கோபம் மட்டும் குறையவில்லை. அடுத்த ஓட்டம் முழுக்க அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு காலும் வேண்டும்.