வாசல் மேடம்

ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, பேராசிரியை எதிரில் இருப்பவருக்கு முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்று கேட்க மாட்டார். அதைத்தான் குடியேற்ற அலுவலகத்தில் துருவித் துருவிக் கேட்டிருப்பார்களே. பேராசிரியையின் கேள்வி வேறு. "நீங்க கிளம்பினப்போ வாசல்ல யாரு நின்னாங்க? கையில என்ன வச்சிருந்தாங்க?"

பிரெஞ்சு நாவல்களில் புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். கிளம்புகிறவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், வாசலில் நிற்பவளுக்கு ஒரே ஒரு வரிதான் என்பது அப்போதே அவரை உறுத்தியது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, விடுமுறைதோறும் வெளிநாடு போய் விடுதி விடுதியாக, தொழிற்சாலை வாசல்களில் அலைய ஆரம்பித்தார். இலக்கியம் சொல்லித்தர வந்தவருக்கு ஏன் இந்த ஊர்வம்பு என்று துறைத்தலைவர் முகம் சுளித்தார். பதவி உயர்வும் ஆமை வேகத்தில்தான் வந்தது. மாணவர்கள் 'வாசல் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். பாதிப் பேர் விசாவுக்காகத்தான் பிரெஞ்சு படிக்கிறார்கள் என்று சக ஆசிரியர் அலுத்துக்கொண்டபோது, "போறவங்கதானே எனக்கு வேணும்" என்றார்.

கேட்டுக் கேட்டு அவர் கண்டது இதுதான்: போனவர்களுக்கு வீடு மங்கிவிடுகிறது, வாசலில் நின்றவர் மங்குவதில்லை. அதுவும் ஏதாவது அசட்டு விவரத்தோடு. ஒரு வெல்டருக்கு அப்பா என்றாலே வாயில் பிரஷ்ஷோடு நிற்கும் அப்பாதான். "எங்கக்கா ஒத்தச் செருப்போட நின்னா மேடம்" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். இதையெல்லாம் மாநாடுகளில் முகம் மாறாமல் வாசிப்பார்.

போன மாதம் அவருடைய ஒரே மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். அன்றைக்குப் பேராசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி அவனுக்கு அம்மா என்றால் இந்தக் காலைதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததே வினையாகப் போயிற்று. அழுமூஞ்சி அம்மாவாக அவன் மனதில் தங்கிவிடக் கூடாது. இரண்டு தடவை உடை மாற்றினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தார். கையில் எதுவும் இருக்கக் கூடாதென்று கைபேசியைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார். "என்னம்மா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற?" என்று மகன் சிரித்தான். பேராசிரியை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றார்.

கார் வந்தது. மகனுக்கு ஒரு கையில் பெட்டி, மறு கையில் பாதி குடித்த காபி. கோப்பையை அம்மாவிடம் நீட்டினான்.

"இதக் கொஞ்சம் பிடிம்மா."

வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் உறைத்தது. படியில் வைக்கக் குனிந்தார். குனிந்த அம்மாவை அவன் பார்த்துவிடுவானே என்று பதறி நிமிர்ந்தார். கார் தெருமுனையில் திரும்பும்போது அவன் தலையை வெளியே நீட்டினான். மூக்குக்கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவன் முகம் சரியாகப் பிடிபடவில்லை. பேராசிரியை கோப்பை இருந்த கையையே தூக்கி ஆட்டினார். காபி முழங்கைவரை வழிந்தது. கார் மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.